லாயத்துப் பாதி

கயிற்றின் ஒரு முனையை அர்திவானே பிடித்துக்கொண்டார். மறுமுனை ஒரு படைவீரன் கையில் இருந்தது. அந்த வாரம் புகாராவின் எல்லா வீடுகளிலும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வீடு வீட்டுக்காரனுக்கு, பாதி வந்திறங்கிய அரபிக்கு. கோடு போடுவது வீட்டுக்காரன். எந்தப் பாதி வேண்டும் என்று சொல்வது வந்தவன். தோற்ற ஊருக்கு இதைவிட நியாயம் கிடைக்காது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அர்திவான் யோசித்துத்தான் கோடு போட்டிருந்தார். ஒரு பக்கம் பெரிய கூடம். அவருடைய அப்பா வரைய வைத்த சுவர்கள், சிங்கத்தின் மேல் அமர்ந்த நானா தேவி, அவள் காலடியில் கிண்ணம் ஏந்தி வரிசையாக உட்கார்ந்திருக்கும் மெல்லிய இடுப்புப் பிரபுக்கள், செதுக்கிய தூண்கள், குளிர்கால வெயில் விழும் மாடி. மறுபக்கம் சமையல்கட்டு, கிணறு, ஒரு மல்பெரி மரம், குதிரை லாயம், அதை ஒட்டிய தீவன அறை. எவனும் கூடத்தைத்தான் கேட்பான். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இருந்தாலும் முந்தின நாள் லாயத்தைக் கூட்ட வேண்டாம் என்று வேலையாட்களிடம் சொல்லிவைத்தார்.

"சாணியக்கூட வேலைக்கு வெச்சிட்டீங்களா?" என்றாள் மிவ்னாய். அவர் மனைவி. மகன் போன பிறகு அன்றுதான் சிரித்தாள்.

தீவன அறையில், குதிரைமசால் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு சுடுமண் பெட்டி இருந்தது. அதில் வக்ஷக் இருந்தான். ஒரே மகன். மதில் வாசல் சண்டையில் விழுந்தவன். வழக்கப்படி அவனை மேட்டில் கிடத்தி, நாய்களும் பறவைகளும் தம் வேலையை முடித்த பின், மிவ்னாய் எலும்புகளைப் பொறுக்கி, துடைத்து, பெட்டியில் அடுக்கினாள். முன்னோரின் பெட்டிகள் இருக்கும் எலும்பறை ஊருக்கு வெளியே இருந்தது. இப்போது அங்கே படையின் கூடாரங்கள். வழி திறக்கும்வரை பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்தார்கள். சிலைகளை உடைக்கத் தேடி வருகிற படைவீரர்கள் கூடத்தைப் புரட்டுவார்கள். தீவனத்தைக் கிளற மாட்டார்கள். மண்ணில் மட்டும் படக்கூடாது. மண்ணுக்குள் போனால் மண்ணும் கெடும், போனவனும் இறந்தவர்கள் மறுஉலகுக்குக் கடக்கும் பாலத்தைக் கடக்காமல் இந்தக் கரையிலேயே நிற்பான்.

வந்தவன் பெயர் துஃபைல். தாடியில் பாதி நரைத்தவன். மெர்வு நகரத்தில் பல வருடம் இருந்ததால் அந்த ஊர்ப் பேச்சில் இவர்களோடு பேசத் தெரிந்திருந்தது. கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றினான். சுவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"இவங்கல்லாம் யாருங்க?"

"எங்க முன்னோருங்க."

"இத்தன பேரு முழிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா நான் எப்பிடித் தூங்குறது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். துஃபைல் கிணற்றை எட்டிப் பார்த்தான். லாயத்துக்குள் போய் மூக்கு நிறைய மூச்சு இழுத்தான். மல்பெரியின் தண்டைத் தட்டிப் பார்த்தான்.

"எனக்கு இது போதும். கூடத்த நீங்களே வெச்சுக்குங்க பெரியவரே. பழகின எடம்."

அவன் முகத்தில் ஓர் உபகாரம் செய்த நிறைவு இருந்தது. கயிறு இருந்த இடத்தில் அன்றே பச்சைச் செங்கல் அடுக்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலையில்தான் மிவ்னாய் வாய் திறந்தாள்.

"நமக்கு நாத்தம். அவனுக்கு அத்தரு."

அவர் ஏறிய செங்கல் வரிசைகளை எண்ணினார்.

"போய்க் கேளுங்க."

"என்னன்னு கேக்க? எலும்பு வெச்சிருக்கேன்னா? ஒடச்சுத் தெருவுல எறிவான்."

"எறிஞ்சா பொறுக்கிக்கிறேன். ஒரு தடவ பொறுக்கினவதானே நான்."

அவர் அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பயம் என்று மனைவியிடம் சொன்னார். பயம் இருந்ததும் உண்மைதான். ஆனால் தன் லாயத்துக் கதவைத் தானே தட்டி, யாரோ ஒருவன் உள்ளே வரச் சொல்லும்வரை தெருவில் நிற்க வேண்டும். அதை நினைத்ததும் கால் நின்றுவிட்டது. சுவர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, தலைக்கு மேல் போனது. கடைசி வரிசையும் ஏறிய பிறகு மிவ்னாய் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்போதுதான் அவர் எழுந்தார்.

துஃபைல் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டுப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தான்.

"தீவன அறையில ஒரு மண்பெட்டி இருந்துச்சு," என்றார்.

துஃபைல் தட்டைக் கீழே வைத்தான். "நானே வந்து கேக்கணும்னு இருந்தேன். யாருங்க அது?"

"என் மகன்."

துஃபைல் லாயத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா உங்களையும் கூப்பிட்டிருப்பேனே."

"எதுக்கு?"

"அடக்கம் பண்ணத்தான்." மரத்தடியைக் காட்டினான். "எலும்புல நாய்ப் பல்லு பட்ட தடம் இருந்துச்சு. கேக்க நாதியில்லாத புள்ள போலன்னு நெனச்சேன். மனசு தாங்கல. எம் பொண்டாட்டி அவ கல்யாணத் துணியக் கிழிச்சுக் குடுத்தா. நல்ல ஆழம். இனி ஒரு நரி கிட்ட வராது."

மல்பெரியின் அடியில் மண் மேடு ஈரமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு கல். விளிம்பையெல்லாம் கையாலேயே தட்டிச் சீராக்கியிருந்தார்கள்.

"தோண்டி எடுக்கணும்," என்றார் அர்திவான்.

துஃபைல் எழுந்து வந்து அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்தான்.

"துக்கத்துல அப்பிடித்தான் வரும். எங்கம்மாவும் இதேதான் சொன்னா, உன் தம்பியக் காட்டு, ஒரு தடவ பாத்துக்கிறேன்னு. காட்ட என்ன இருக்கு? சண்டையில விழுந்தவன ஆத்தங்கர மணல்ல அப்பிடியே விட்டுட்டு வந்தோம். ஒரு பிடி மண்ணு போட நேரம் குடுக்கல. உங்க புள்ளைக்காவது கெடச்சுதே."

அவன் அழுதுகொண்டிருந்தான். நாய்கள் தொட்டதுதான் எங்கள் மரியாதை, மண்தான் எங்களுக்குத் தீட்டு என்பதை மெர்வின் பேச்சில் எப்படிச் சொல்வது என்று அர்திவான் தேடினார். தன் பேச்சிலும் கிடைக்கவில்லை. தோளில் இருந்த கைகள் சூடாக இருந்தன. மகன் போனதிலிருந்து அவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

"பெட்டியக் கழுவி வெச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல," என்றான் துஃபைல்.

சுவர் வந்துவிட்டதால் தெருவைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பெட்டி கூடைபோல் லேசாக இருந்தது. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கூடத்தில் நானாவின் காலடியில் இருந்த மாடத்தை மிவ்னாய் ஒழித்துவைத்திருந்தாள். வருடப்பிறப்புக்கு இறந்தவர்களுக்கு வைப்பதுபோல ஒரு கிண்ணம் திராட்சை மது, ஒரு ரொட்டி. பெட்டியைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்."

"நல்லவந்தான் போல." கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடுங்க."

அவர் கொடுக்கவில்லை.

"தூரத்துலேருந்து தூக்கிட்டு வரீங்க. கை வலிக்கும். குடுங்க இப்பிடி."

சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்று வாளி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு மண்ணில் தண்ணீர் மெதுவாக ஊற்றும் சத்தம். மிவ்னாய் தலையைத் திருப்பினாள்.

"அந்த மரத்துக்கு எதுக்குத் தண்ணி?" என்றாள். "நாம ஊத்தினதே கெடையாதே."

கைகளை நீட்டியபடியே அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அர்திவான் பெட்டியை மார்போடு சேர்த்து, பாரம் தூக்குகிறவரைப் போல முதுகை வளைத்து நின்றார்.