ஏழில் ஒரு பங்கு

"கூடியிருக்கு."

"குறைஞ்சிருக்குதுங்கக்கா."

"கூடியிருக்குன்னா கூடியிருக்கு, கீர்த்தனா. போட்ட கணக்கு என் கண்ணு முன்னாடி கெடக்கு."

"என் கணக்கும் என் கண்ணு முன்னாடிதானுங்க கெடக்குது."

பேகம்பூரில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் சேக் பரீதின் வீட்டு மாடியறை அது. கவிழ்த்து அடுக்கிய தேக்சா அண்டாக்களுக்கு நடுவே பாய் விரித்து, இரண்டு பெண்கள் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். ஒருத்தி அந்த வீட்டு மருமகள் ஆரிபா. இருபத்தொன்பது வயது. மற்றவள் ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த கீர்த்தனா. ஆரிபாவுக்கு ஆறு வயது இளையவள். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்ட சிநேகம். இரண்டு பேருமே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

கீர்த்தனா போன வாரமே விண்ணப்பம் போட்டுவிட்டாள். ஆரிபா போடவில்லை. கடைசி நாள் இன்றைக்குத்தான். சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் இணையதளத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். பெயர், படிப்பு, போட்டோ எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி. அதைத்தான் அமுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

காரணம் இருந்தது. போன வருஷமும் எழுதினாள். ஆங்கிலத்தில் நல்ல மார்க், தர்க்கக் கேள்விகளில் அதைவிட நல்ல மார்க். கணக்குப் பகுதியில் மட்டும் கட் ஆஃபுக்குக் கீழே விழுந்து, ஒரு கல்லூரியிலிருந்துகூடக் கூப்பிடவில்லை. அதனால் இந்த வருஷம் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டாள். மாதிரித் தேர்வில் நாற்பது நிமிஷத்துக்குள் இருபத்திரண்டு கணக்கில் குறைந்தது பத்து சரியாக வரவேண்டும். வந்தால் பொத்தானை அமுக்குவது. வராவிட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்று ஒருமுறை தள்ளினால் அது தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இல்லாமலே போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் காலையிலிருந்து இட்லி இறங்கவில்லை.

பத்து மணிக்கு எழுதிய தாளில் ஐந்துதான் சரி. பிரிக்காத தாள் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சம். அதற்குள்தான் இந்தச் சண்டை.

டீ டம்ளர்களோடு ஏறி வந்த பைசல், மனைவியையும் அவள் சிநேகிதியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"படிக்கத்தானே உக்காந்தீங்க? கீழ வரைக்கும் கேக்குது."

"நீங்களே பஞ்சாயத்துப் பண்ணுங்க," என்று ஆரிபா தாளை நீட்டினாள். "ஒரு தொட்டியில தண்ணி இருக்கு. அதுல ஏழுல ஒரு பங்கு கூடுது. அப்புறம், இருக்குற தண்ணியில எட்டுல ஒரு பங்கு கொறையுது. மொதல்ல இருந்ததுக்கு இப்ப என்ன ஆச்சு? நான் சொல்றேன், அரை சதவீதத்துக்கு மேல கூடியிருக்கு. இவ சொல்றா, கால் சதவீதம் கொறைஞ்சிருக்குன்னு."

"விடையில ரெண்டும் இருக்குதுங்கண்ணா," என்றாள் கீர்த்தனா. "அதானுங்க கொழப்பம்."

"விடைத்தாளு இருக்குல்ல? அதுல என்ன போட்டிருக்கான்?"

மற்றதையெல்லாம் திருத்திவிட்டு, இந்த ஒரு கணக்குக்கு மட்டும் இரண்டு பேரும் இதுவரை விடைத்தாளைத் திருப்பவே இல்லை. சண்டை சுவாரஸ்யத்தில் மறந்துபோய்விட்டார்கள். பைசல் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக டீயை ஒரு வாய் குடித்தான்.

"சொல்லுங்களேன்!"

"மாற்றமே இல்லையாம்."

"என்னது?"

"கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இருந்த தண்ணி அப்படியே இருக்காம். இதுக்குத்தான் ரெண்டு பேரும் தெருவே கேக்குற மாதிரி கத்துனீங்க."

ஆரிபா பென்சிலைப் பிடுங்கினாள். மொத்தத் தண்ணீரை ஏழு பங்கு என்று வைத்துக்கொண்டாள். ஒரு பங்கு கூடினால் எட்டு. எட்டில் ஒன்று போனால் ஏழு. அவ்வளவுதான். இரண்டு வரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டிருக்கும்.

"அப்ப நீ எப்படிப் போட்ட?" என்று பைசல் கேட்டான்.

"ஏழுல ஒண்ணுன்னா பதினஞ்சு சதவீதம்னு வச்சு…"

"நான் பதினாலுன்னு வச்சேனுங்க."

பைசல் போனை எடுத்துத் தட்டினான். "பதினாலு புள்ளி ரெண்டு எட்டு அஞ்சு ஏழு… போய்க்கிட்டே இருக்கு. பதினாலே காலும் சொச்சமும். அதை ஏன் பதினஞ்சுன்னு ஏத்துன?"

"பந்தியில பத்தாமப் போயிட்டா என்ன பண்றது?"

யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. ஏழு வருஷமாக இந்த வீட்டில் அரிசியும் கறியும் நெய்யும் கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள்தான். நூறு பேர் என்றால் நூற்றுப் பத்து பேருக்குப் போடு என்பது மாமனார் சேக் பரீதின் சட்டம். அரை வந்தால் ஒன்று, முக்கால் வந்தாலும் ஒன்று. சொச்சம் என்று வந்தாலே கை தானாக மேலே ஏறிவிடும்.

பைசல் சிரிக்க ஆரம்பித்தான். டம்ளரிலிருந்த டீ அலம்பியது.

"தண்ணித் தொட்டிக்கு எதுக்குடி பந்தி!"

"சிரிக்காதீங்க. ஏ கீர்த்தனா, நீ எதுக்குக் கொறைச்ச? சொல்லு."

கீர்த்தனா தலையைச் சொறிந்தாள். அவள் அப்பா பொன்னுத்துரை சின்ன வெங்காயம் போடுகிறவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏறும்போதெல்லாம் பள்ளிக்கூட நாளிலிருந்து எடை எழுதுவது அவள் வேலை.

"சாக்கு எடை, மண்ணு எடையெல்லாம் கழிக்கோணும்லங்கக்கா. நாப்பத்தெட்டே முக்கால்னு முள்ளு நின்னாலும் நாப்பத்தெட்டுன்னுதான் எழுதுவாங்க. புள்ளிக்குப் பொறத்தால வாறதெல்லாம் நமக்கு இல்லீங்க."

"அடிப்பாவி! அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்காம்பாரு, கேள்வித்தாள் போட்டவன்!"

மற்ற கணக்குகளையும் அள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். தொடாமல் விட்டவை போக, ஆரிபா தப்பாக்கிய ஒன்பதில் ஏழு, சரியான விடைக்குக் கொஞ்சம் மேலே. கீர்த்தனா தப்பாக்கிய ஆறில் ஐந்து, கொஞ்சம் கீழே. வழி தப்பவில்லை, வாய்பாடு தப்பவில்லை. நடுவழியில் பின்னத்தை உடைத்து, ஒருத்தி ஏற்றியிருக்கிறாள், ஒருத்தி இறக்கியிருக்கிறாள். கேள்வித்தாள் போட்ட புண்ணியவானும், ஏற்றுகிறவளுக்கு ஒன்று இறக்குகிறவளுக்கு ஒன்று என்று விடைகளைத் தயாராக வைத்திருக்கிறான்.

ஒரு வருஷமாக, எனக்குக் கணக்கு மண்டை இல்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தவள் ஆரிபா. இப்போது அந்தத் தாள்களைப் பார்க்கப் பார்க்க, தொலைந்துபோன நகை தலையணைக்கு அடியிலேயே கிடைத்தது போல இருந்தது அவளுக்கு.

"பின்னத்தைப் பின்னமாவே விட்டுரணும்," என்றாள். "கடைசி வரைக்கும் ஒடைக்கக் கூடாது. ஏழுல ஒண்ணுன்னா ஏழுல ஒண்ணுதான். சரியா?"

"சரிங்கக்கா. கை போனா?"

"கையில ஒரு போடு போடு."

மத்தியானம் தாளிச்சாக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கடைசித் தாளைப் பிரித்தார்கள். பைசல் போனில் நாற்பது நிமிஷம் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

முதல் கணக்கு. ஒருவர் ஒரு வேலையை ஏழு நாளில் முடிப்பார், இன்னொருவர் ஒன்பது நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்தால்? ஆரிபா பின்னங்களைக் கூட்டித் தலைகீழாகத் திருப்பினாள். பதினாறில் அறுபத்து மூன்று. மூன்று நாளும், பதினாறில் பதினைந்து பங்கும். கிட்டத்தட்ட நாலு நாள். விடைகளில் முதலாவதாக 'நாலு' என்று கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. அதைத் தொட அவள் கை பரபரத்தது. இடது கையால் வலது கையில் ஒன்று வைத்தாள். மூன்றாவது விடையில், பதினாறில் பதினைந்து ஒல்லியாக நின்றது. அதைக் குறித்தாள்.

அதற்குப் பிறகு ஓடியது. ரயில் கணக்கு, கலப்படப் பால், சராசரி வயது. சொச்சங்களைச் சொச்சமாகவே தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டினாள். இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும், கீழேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"ஆரிபா! போன்ல ஆளு நிக்கிறாரும்மா. நூத்தி இருவது பேருக்கு அரிசி எம்புட்டு?"

"பன்னண்டு கிலோ!"

மாமனாரின் குரல் படிக்கட்டுக்கு வந்துவிட்டது.

"எத்தனம்மா?"

"கிலோவுக்குப் பத்துப் பேரு. நூத்தி இருவதுக்குப் பன்னண்டு, மாமா!"

படியில் காலடி கேட்டது. சேக் பரீது போனைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஆரிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அய்யோ மாமா! பதினாலுன்னு சொல்லுங்க. கீழ பதினாலுதான். இங்கதான் பன்னண்டு."

"இங்கன்னா எங்க?"

"பரீட்சையில மாமா. அங்க எக்ஸ்ட்ராவா ஒரு ஆளு வரமாட்டாங்க."

"ஒரு ஆளும் வரமாட்டாங்களா?" பெரியவருக்கு அந்த இடத்தை நினைத்துப் பாவமாக இருந்தது போலிருக்கிறது. "என்ன எடமோ. நீ எழுதும்மா, எழுது." பூனை மாதிரி இறங்கிப் போனார். கீர்த்தனா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இரண்டு நிமிஷம் போயே போய்விட்டது.

போன் அலறியதும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். தாளை மாற்றித் திருத்துவது அவர்கள் வழக்கம். கீர்த்தனாவுக்குப் பதினொன்று. ஆரிபாவின் தாளை கீர்த்தனா ஒருமுறை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். பிறகு குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஒம்பதுங்கக்கா."

மணி நாலேகால். விஷயம் தெரிந்து பைசலும் சேக் பரீதும் மேலே வந்துவிட்டார்கள்.

"ஒம்பதுக்கும் பத்துக்கும் என்னத்த பெரிய தூரம்?" என்றான் பைசல். "பத்துன்னு வச்சுக்கிட்டு அமுக்கிரு."

"வேணாங்க. ஒம்பது ஒம்பதுதான்."

"நான் வந்து நின்னதுல ரெண்டு நிமிஷம் போச்சேம்மா," என்று மாமனார் தவித்தார். "அந்த ரெண்டு நிமிஷத்தை இப்பப் போட்டுக்கிரு. நாங்க வேணா வெளிய போயிர்றோம். வாடா பைசல்."

"மாமா, உக்காருங்க. பரீட்சை ஹால்லயும் யாராவது இருமுவாங்க. அதெல்லாம் கழிச்சுப் பாக்க முடியாது."

கீழே மசாலா அரைக்கும் மிஷின் ஓடி நின்றது. ஆரிபா தப்பான கணக்குகளை மட்டும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். தொடாமல் விட்டவை போக ஐந்து. ஒன்றில் கேள்வியையே தப்பாகப் படித்திருந்தாள். ஒன்றில் பெருக்கலில் வழுக்கியிருந்தாள். மூன்று, வட்டம், தொடுகோடு என்று அவள் இன்னும் படித்தே இராத பாடம்.

"கீர்த்தனா, இதைப் பாரு. ஏத்திப் போட்டது ஒண்ணாவது இருக்கா?"

கீர்த்தனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இல்லீங்கக்கா. ஒண்ணுகூட இல்லீங்க!"

"காலையில அஞ்சு. இப்ப ஒம்பது. நடுவுல நான் புதுசா என்ன படிச்சேன்? தாளிச்சா ஊத்திச் சாப்டேன், அம்புட்டுதான்."

"அப்ப?" என்றான் பைசல்.

"பத்து வந்தாத்தான் போடுவேன்னு சொன்னது காலையில இருந்த ஆரிபா. எங்க தப்பு வருதுன்னே தெரியாம, கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு நம்பர் சொன்னா, பாவம். எனக்கு இப்ப எது தெரியும், எது தெரியாதுன்னு தெரியுது. வட்டம் தெரியாது. ரெண்டரை மாசம் இருக்கு, படிச்சுக்கிறேன்." போனை எடுத்தாள். "பத்து வரலை. ஒம்பதோடவே போறேன்."

"பிஸ்மி சொல்லி அமுக்கும்மா," என்றார் சேக் பரீது.

அமுக்கினாள். திரையில் ஒரு சின்ன வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நாள் கூட்டம். நாலு பேரும் ஒரே போனின் மேல் தலையை முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

"நெட்டு போயிருச்சா?"

"இல்ல அத்தா, சுத்துது," என்று பைசல் அப்பாவிடம் சொன்னான்.

"சன்னல்கிட்ட கொண்டு போங்கக்கா."

"தலையை எடுங்க எல்லாரும், காத்து வரட்டும் அதுக்கு!"

நாலு நாற்பத்தொன்றுக்கு வளையம் நின்றது. பச்சையாக ஒரு கட்டம் வந்து, அதில் அவள் பெயரும் நீளமான ஒரு எண்ணும் இருந்தன. சேக் பரீது அந்த எண்ணை வாய்விட்டு முழுதாக ஒருமுறை படித்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். கீழே போய் அந்த நூற்றிருபது பேர்க்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, அரிசி பதினாலுதான் என்று இன்னொரு தரம் சொன்ன கையோடு, தன் மருமகள் எம்.பி.ஏ.வுக்குப் போட்டிருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தது மாடி வரை கேட்டது.

"அவருக்கு எதுக்குங்க இது?" என்றாள் ஆரிபா.

"விடு, இன்னும் பத்துப் பேருக்காவது சொல்லுவாரு," என்று பைசல் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினான்.

கீர்த்தனா பையைத் தோளில் மாட்டினாள். மாட்டியவள் மறுபடி இறக்கி வைத்தாள்.

"அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்குதுங்கக்கா. அந்த வட்டக் கணக்கு மூணையும் பாத்துரலாமுங்களா?"

"பாரு பாரு," என்று ஆரிபா பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து பென்சிலைத் தேடினாள். "அதுல எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை சிரிப்பு.