கடைசி இலக்கத்தை மறைத்த கட்டைவிரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தண்ணீர் மீட்டரிலிருந்து கிடைத்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “எண்களின் முடிவற்ற வானத்தில் அவள் ஒரு…” (அக்கா படித்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். விட்டுவிட்டேன்.)

2

அக்கா கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவள். பக்கவாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போய் ஐந்து மாதம் ஆகிறது. “நாம பேசறது எதுவும் அவங்களுக்குப் புரியல” என்றார் மருத்துவர். அத்தான் ஒரு பராமரிப்பு இல்லத்தின் படிவத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அத்தான் தண்ணீர் மீட்டர் பழுதுபார்ப்பவர். அக்காவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், பட்டறையிலிருந்து எடுத்துவந்த மீட்டர்களின் வரிசை எண்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். (அவரை இன்னும் கொஞ்சம் முரடராக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

3

அன்று மாலை நானும் இருந்தேன். பித்தளை மூடியில் பொறித்திருந்த எண்: 73939133.

அக்காவின் இடது கை நீண்டது. கடைசி 3-ஐக் கட்டைவிரலால் மறைத்தாள்.

“அழுக்கா இருக்கா? இரு, தொடைச்சுத் தரேன்” என்றார் அத்தான்.

விரல் விலகவில்லை. எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு அடுத்த 3-ஐயும் மறைத்தாள். பிறகு 1. இப்படியே, 7 மட்டும் மிஞ்சும்வரை.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். 73939133 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913. அதுவும் பகா எண். 739391, 73939, 7393, 739, 73, 7, அத்தனையும் பகா எண்கள். இப்படி வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக உதிர்த்தாலும் வகுபடாத எண்களில் இதுதான் மிகப் பெரியது. இதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. எண்களுக்கு முடிவில்லை, ஆனால் இந்த வகைக்கு முடிவு இருக்கிறது! அது யார் வீட்டுக் குழாயிலோ இத்தனை நாள் சும்மா மாட்டியிருந்திருக்கிறது.

(இங்கே அக்காவை அந்த எண்ணோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் எண் இல்லை. என் அக்கா.)

4

அத்தானிடம் சொன்னேன்.

“கை தானாப் போயிருக்கும்னு டாக்டர் சொல்வாரே.”

“ஏழு தடவையுமா, அத்தான்?”

மறுநாள் அவரே போனில் அழைத்தார்.

“இன்னிக்கு வேற மீட்டர். 48210539. பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு விரலைக் காட்டினா, மடக்கிட்டு மூணு காட்டினா. நாலான்னு கேட்டேன், இல்லைன்னு தலையாட்டினா. பதிமூணான்னு கேட்டேன். சிரிச்சுட்டாப்பா! அஞ்சு மாசத்துல முதல் தடவை. பதிமூணால வகுத்தா மீதி வராதுங்கறாளோ? நான் வகுத்தா தப்பாத்தான் வரும். நீ போட்டுப் பாரேன். படிவம் கையிலதான் இருக்கு.”

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அத்தான் கையெழுத்துப் போடுகிறார். இன்னொன்றில் அக்கா பேசிவிடுகிறாள் (ஆசைதான்). இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

நான் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் சொல்லப்போவதில்லை, என் வாயால் சொன்னால் கதைக்காரன் ஜோடித்தது என்பீர்கள். ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 48210539, பதிமூன்றால். அத்தான் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருக்கிறார். மீதி எவ்வளவு என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.