உளப்படுத்தாத பன்மை

மூன்றாம் வகுப்பின் நாற்காலிகள் எட்டு வயதுக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றில், முழங்கால்கள் மோவாயைத் தொடாத குறையாக, பாடநூல் பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநர் அமர்ந்திருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறர் விட்ட ஒற்றுகளைத் தேடிப் பிடிப்பதே அவள் பிழைப்பு. மளிகைச் சீட்டில்கூட வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று பெற்றோர் நாள். ஆறு மாதமாகக் கற்ற அயல்மொழியில் பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் எழுதியிருந்தார்கள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ. இடப்பக்கம் அந்த மொழி, வலப்பக்கம் தமிழ்.

"உங்க பொண்ணு சரியான வாயாடி, மேடம்," என்றாள் மொழி டீச்சர். "மத்ததெல்லாம் வணக்கம் சொல்லவே இன்னும் மென்னு முழுங்குது. இவ என்னடான்னா எங்கூட சண்டையே அந்த மொழியிலதான் போடறா."

"அவங்க அப்பா விடிஞ்சதும் எழுப்பி உக்கார வச்சிடுவாரு. எனக்குத்தான் ஒரு வார்த்தையும் வாயில நுழையல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத கணவன், மகளுக்காக நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உச்சரிப்புத் திருத்துகிறான் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மகள் கடிதத்தை நீட்டினாள். இடப்பக்கம் அம்மாவுக்கு எறும்பு ஊர்ந்த தடம். ஆகவே வலப்பக்கத்தைப் படித்தாள்.

'அன்புள்ள அம்மா, நான் நலம். அடுத்த ஆண்டு நாங்கள் ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் இருப்போம். அங்கே பனி பெய்யும்.'

எதிர்காலம் பழகக் கொடுத்த பயிற்சி என்று நினைத்துக்கொண்டாள். ஒற்றுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒரே ஒரு சொல் உறுத்தியது. கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவுடன் வெளியே வந்தது.

"குட்டி, எல்லாம் அழகா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அம்மாவுக்குத்தானே எழுதற? அப்ப 'நாங்கள்' வராது. கேக்கறவங்களையும் சேத்துக்கிட்டா 'நாம்'. அவங்கள விட்டுட்டுச் சொன்னாத்தான் 'நாங்கள்'."

"அவ மேல தப்பில்ல, மேடம்," டீச்சர் சிரித்தாள். "அந்த மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். குழம்பிட்டா போல."

விளக்கம் பொருத்தமாக இருந்தது. அவள் பேனாவைச் சொல்லின் மேல் வைத்தாள். மகள் தன் உள்ளங்கையால் வரியை மூடினாள்.

"அடிக்காதம்மா. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"எப்படிடீ சரி?"

"நீதான் வரலையே."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்து மேசையில் யாரோ ஒரு தகப்பன் தன் பையனின் கடிதத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"யாரு சொன்னா?"

"அப்பா. 'அம்மாவுக்கு அந்த மொழி வராது, நாம ரெண்டு பேரும் போயிடலாம்'னு சொன்னாரு."

அப்பன் மகளிடம் 'நாம' என்றிருக்கிறான். மகள் அம்மாவுக்கு எழுதும்போது அதை 'நாங்கள்' என்று மாற்றியிருக்கிறாள். கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் பிள்ளை 'நாம்' என்றுதான் எழுதியிருக்கும். இதில் பிழை இல்லை. பிழையே இல்லை என்பது புரிந்ததும் அவள் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாரு." மகள் ஒரு கணம் யோசித்தாள். "எழுதக் கூடாதுன்னு சொல்லலையே."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "திங்கக்கிழமை சார் வந்து டிசிக்கு மனு கொடுத்துட்டுப் போனாரு, மேடம். வேலை மாத்தலாகி வெளிநாடு போறோம்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவள் எழுந்தாள். நாற்காலி இடுப்போடு சேர்ந்து வந்தது. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, மகளின் கையைப் பற்றிக்கொண்டு அலுவலக அறைக்கு நடந்தாள்.

எழுத்தரின் மேசையில், தலைமையாசிரியையின் கையெழுத்தோடு, மாற்றுச் சான்றிதழ் ஆயத்தமாகக் கிடந்தது.

"நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கறேன்னாரே உங்க வீட்டுக்காரர்," என்றார் எழுத்தர்.

"கொடுக்காதீங்க."

"வாயால சொன்னா நான் எப்படிம்மா நிறுத்தறது? எழுதிக் கொடுங்க."

நின்றபடியே எழுதினாள். இரண்டே வரி. என் மகளின் சான்றிதழை என் ஒப்புதலின்றி எவரிடமும் தரலாகாது. எழுதியதைத் திரும்பப் படிக்காமலேயே நீட்டினாள்.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ஏம்மா, இதுல பாப்பா பேரே இல்லையே. 'என் மகள்'னா இந்த ஸ்கூல்ல நானூறு பேரு தேறும்."

தாள் அவளிடம் திரும்பி வந்தது. எழுத்துகள் ஏறுக்குமாறாகக் கிடந்தன. அவை தன் கையெழுத்துதானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது.

"இதக் கொடுத்துட்டா நான் போக முடியாதா?" என்றாள் மகள்.

"முடியாது. என்னைக் கேக்காம யாரும் உன்னக் கூட்டிட்டுப் போக முடியாது."

"என்ன யாருமே கேக்க மாட்டீங்களா?"

ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து படித்தவள் இவள். ஆற்றங்கரையையும் பனியையும் சொந்தக் கையால் எழுதியவள். அம்மா பேனாவை மேசையில் வைத்தாள். எழுத்தரின் முன்னிலையிலேயே தரையில் குந்தி, மகளின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"சரி, கேக்கறேன். உனக்கு எங்க இருக்கணும்?"

மகள் சீருடையின் பொத்தானைத் திருகினாள்; எழுத்தரைப் பார்த்தாள்; பிறகு அம்மாவின் காதருகே சாய்ந்தாள்.

"அழ மாட்டேன்னு மொதல்ல சத்தியம் பண்ணு. அப்புறம் சொல்றேன்."