மூன்று மில்லிமீட்டர் ஊசிமுனை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை, ஹைன்கேயுடையது. பிரேமன் நகரில் விண்கலங்களுக்குப் போர்வை தைப்பவள். எழுதட்டுமா என்று கேட்டேன். "உன் மொழியில எழுதினா எனக்கு என்ன புரியப் போகுது, எழுதிக்கோ. ஆனா என்னைப் பெரிய தியாகி ஆக்கிடாத," என்றாள். தலையாட்டிவிட்டேன். காப்பாற்றுவேனா என்பது வேறு விஷயம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: செவ்வாய்க்குப் போகவிருந்த கலம் கூடத்தின் நடுவே பொன்னிறத்தில்

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் கலத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தைத்தவளைப் பார்க்க மாட்டீர்கள்.

இரண்டாம் முயற்சி: விண்வெளியில் வெயில் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும், ஆகவே மனிதகுலம்

ஐயோ, மனிதகுலம். அடித்துவிட்டேன். ஆனால் விஷயம் உண்மை. அந்தச் சூட்டிலிருந்தும் குளிரிலிருந்தும் கலத்தைக் காப்பது ஒரு போர்வை. தலைமுடியைவிட மெல்லிய படலங்கள், இருபது அடுக்கு. [இயந்திரம் தைக்காதா என்று கேட்பீர்கள். நேர்கோட்டில் தைக்கும். வளைவுகளுக்குக் கைதான்.] இதே கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தரச் சோதனை செய்கிறேன். அவள் ஒரு மூலையை மடிக்கும் அழகை இன்றைக்கும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன்.

3

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, ஓர் அட்டையில் முழு ஊசியாகச் சேர்த்து ஒட்ட வேண்டும். ஒட்டியவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. ஒரு துணுக்கு போர்வைக்குள் தங்கிவிட்டால், எடையற்ற இடத்தில் மிதந்து போய் மின்சுற்றில் உட்காரலாம். அதோடு கலம் ஊமை.

ஒரு திங்கட்கிழமை ஹைன்கேயின் ஊசி உடைந்தது. ஒட்டினாள், கையெழுத்திட்டாள். நானும் இட்டேன். வெள்ளிக்கிழமை காலை, கலத்தை ஏவுதளத்துக்கு அனுப்பும் பெட்டியில் ஏற்றுவதற்குமுன் கோப்பைப் புரட்டியவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. முனைன்னு நான் நினைச்சது முனையே இல்ல. டேப்போட மடிப்பு, மின்னிக்கிட்டு இருக்கு."

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். ஊசியின் நீளத்தில் மூன்று மில்லிமீட்டரைக் காணோம்.

"அன்னைக்கு நீ கண்ணாடி வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"நீ ஒட்டினதாச்சே."

"அதைப் பாக்கத்தானேடா உன்னை வச்சிருக்கு," என்றாள். கோபமாகக்கூட இல்லை.

4

இங்கேதான் எனக்கு நாயகிமேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளைத் தூங்கவிடாமல் தவிக்க வைத்திருந்தேன். காரணம் இருந்தது. போர்வையைக் கழற்றி, புதிதாகத் தைத்து மாட்டப் பதினொரு நாள் ஆகும். எங்களிடம் மிச்சம் இருந்தது பன்னிரண்டே நாள். அதைத் தாண்டினால் பூமியும் செவ்வாயும் மறுபடி வாகாக நிற்க இருபத்தாறு மாதம் காத்திருக்க வேண்டும்.

உணவுக்கூடத்தில் வைத்து அந்தப் பகுதியை அவளுக்குச் சொன்னேன்.

"நான் எதுக்குத் தவிக்கணும்? கழிப்பறைக்குப் போனேன், அங்கேருந்து நேரா த்யார்க்கிட்ட போனேன்." [கழிப்பறையை விட்டுவிடக் கூடாது என்று சொன்னதும் அவள்தான்.]

வெட்கமாக இருந்தது. தவித்தவன் நான். பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தவனும் நான். அதைத் தூக்கி அவள் தலையில் வைத்து எழுதியிருக்கிறேன்.

5

த்யார்க் ஓல்ட்மன்ஸ் திட்டத் தலைவர். அந்தக் கலத்துக்கு ஒன்பது வருடம் கொடுத்தவர். அவர் அறைக்கு ஹைன்கே பின்னாலேயே நானும் போனேன்.

"முனை உள்ளதான் இருக்குன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. அட்டையில இல்ல. அது மட்டும்தான் தெரியும்."

"தரையில விழுந்திருக்கலாம்."

"விழுந்திருக்கலாம்."

"பதினொரு நாள், ஹைன்கே."

"எனக்கும் எண்ணத் தெரியும், த்யார்க்."

அப்போதுதான் என் வாய் திறந்தது. "நானும் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்ப கேக் உன் கணக்கு," என்றார். [இங்கே தப்பு செய்தவர்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும்.] பிறகு போனை எடுத்து, பெட்டியை நிறுத்தச் சொன்னார். இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்கிறேன் என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது, எழுதும்போதும் இருக்கிறது.

6

முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அ) ஊடுகதிர்ப் படத்தில், ஏழாவது அடுக்கில், முனை. எல்லோரும் கைதட்ட

ஆ) ஒன்றும் இல்லை. முனை என்றைக்கோ தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பைக்குள் போயிருக்கிறது. பதினொரு நாள் உழைப்பும்

இரண்டையும் பாதியில் விட்டேன். முனை இருந்தால் அவளைக் கெட்டிக்காரி என்பீர்கள், இல்லையென்றால் பயந்தாங்கொள்ளி என்பீர்கள். அவள் வாயைத் திறந்தபோது இரண்டில் எது என்று யாருக்குமே தெரியாது. ஆகவே நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கழற்றிய போர்வையை மேசையில் விரித்தோம். ஊடுகதிர்ப் படம் வர நாற்பது நொடி ஆகும். திரை கறுப்பாக இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, த்யார்க் மட்டும் ஹைன்கே பக்கம் திரும்பி, "நன்றி," என்றார்.

"இன்னும் படமே வரலியே."

"அதான் இப்பவே சொல்றேன்."

படம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நன்றிக்குக் கீழே எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம்.