கிணற்றுக்குள் ஆடு இல்லை

1.

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. மறைப்பதில் பயனில்லை.

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். கழுத்து ரத்தக்குழாயைப் படம் பிடித்த வெண்ணிலா, திரையை என் பக்கம் திருப்பினாள். "பாருங்க சார், கவட்டை மாதிரி ரெண்டாப் பிரியுதா? இந்தப் படத்துல தெரியாது. ஆனா அந்தக் கவட்டையில நெல்லு அளவுக்கு ஒன்னு குந்திக்கினு இருக்குது. ரத்தத்துல ஆக்சிஜன் கொறைஞ்சா மொதல்ல அதுக்குத்தான் தெரியும்."

"தெரிஞ்சா?"

"மூளைக்குச் சொல்லி அனுப்பும். மூச்ச வேகமா இழுன்னு."

திண்டிவனம் பஸ்ஸில் 'சொல்லி அனுப்பும்' என்பது மட்டும் என்னோடு ஏறிக்கொண்டது. அப்படிச் சொல்லி அனுப்பியே காலம் தள்ளும் இருவரை எனக்குத் தெரியும். (தெரியாது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் உண்டாக்கிக்கொண்டேன்.)

2.

முதல் தொடக்கம்: 'ஒலக்கூர் வயல்களின் மேல் சூரியன் மெல்ல' – வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: சக்கரபாணியும் அவர் மனைவி அம்சாவும் நாலு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

இது நிற்கும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோலியனூரிலிருந்து வந்திருந்த மைத்துனி கவிதாவின் எதிரிலேயே, அம்சா கிளறிய கேப்பைக் களியை உருட்டிப் பார்த்த சக்கரபாணி, "இத்த டிராக்டருக்கு டயரா மாட்டலாம்" என்றார். கவிதா சிரித்துவிட்டாள். (சொன்னதைவிடச் சிரித்ததுதான் சுட்டது என்பது என் கட்சி.)

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் அவர்கள் வளர்க்கும் கறுப்பு ஆட்டின் வழியாகத்தான்.

"ஏ கருப்பீ, சோறு வெச்சாச்சின்னு சொல்லு."

"ஏ கருப்பீ, மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி பாயல, மோட்டாரப் பாக்கக் கெணத்துல எறங்கணும், கயித்தப் புடிக்க வரச் சொல்லு."

ஆடு அசைபோட்டது. செய்தி போய்ச் சேர்ந்தது.

3.

கடிதத்தில் எழுதுவதுபோல் வரிசையாகச் சொல்கிறேன்.

அ) கழுத்துக் கவட்டையில் இருக்கும் அந்த நெல்மணிக்குள் உள்ள செல்கள் ஆக்சிஜன் குறைவதை உணரும். ஆனால் அவற்றால் மூச்சிழுக்க முடியாது.

ஆ) ஆகவே சிறு பொட்டலங்களில் கட்டிவைத்திருக்கும் ரசாயனத் தூதர்களைப் பக்கத்து நரம்பின்மேல் அவிழ்த்துவிடும். ஏடிபி, அசிட்டைல்கோலின் என்று பெயர்கள். நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகும். மூளை நெஞ்சை விரட்டும்.

இ) டோபமினும் அதே பொட்டலக் கூட்டத்தில் உண்டு. சந்தோஷத்துக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே பெரும்பாலும் அது "இரு, இரு, ரொம்பக் கத்தாதே" என்று அடக்குகிற வேலை பார்க்கிறது. அம்சாவுக்குள் அந்த நாலு நாளும் எது வேலை பார்த்ததோ, அதை நான் –

[இந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். வீம்பு ரசாயனமல்ல.]

4.

பல மாதமாக யாரும் இறங்காத கிணறு. அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கலாம்.* அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவர் அடிக்கடி குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் ஆபத்து.

சக்கரபாணி இடுப்பில் கயிற்றைக் கட்டி, இரும்புப் படிகளைப் பிடித்து இறங்கினார். மறுமுனை புங்கமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அம்சாவின் கையில். ஆடு அதே மரத்தடியில்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"ஏ கருப்பீ," என்றாள் அம்சா, கிணறு கேட்கும்படி, "உள்ள எல்லாம் சரியா இருக்குதான்னு கேளு."

பதில் இல்லை. கிணற்றுக்குள் ஆடு இல்லை. அவர் யாரிடம் சொல்லி அனுப்புவார்?

பதிலுக்குப் பதில் வேறொன்று மேலே வந்தது. மூச்சு. புஸ், புஸ்ஸென்று. மயிலம் மலைப்படியில்கூட அவர் இப்படி இளைத்ததில்லை. ஸ்பேனரோடு மல்லுக்கட்டுகிற இளைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நெல்மணி சொல்லியாயிற்று, மூளை கேட்டாயிற்று, நெஞ்சும் ஓடத் தொடங்கியாயிற்று. செய்தி சேராதது உடம்புக்காரருக்கு மட்டும்தான்.

(*நெல்மணியை நம்பி எந்தக் கிணற்றிலும் இறங்காதீர்கள். சில சமயம் அது சொல்லி முடிப்பதற்குள் ஆள் மயங்கிவிடுவார்.)

5.

முடிவு ஒன்று: "ஏ கருப்பீ, மேல வரச் சொல்லு" என்றாள். அவர் வந்தார். – ஆட்டுக்கு இவ்வளவு பெருமை கூடாது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மூச்சுச் சத்தம் நின்றது. கயிறு திடீரென்று கன – மாட்டேன். ஒரு களிக்கு இந்தத் தண்டனையா?

முடிவு மூன்று. அம்சா கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்தாள்.

"யோவ்! ஸ்பேனரப் போட்டுட்டு மேல வாய்யா! ஒனக்கு இளைக்குது!"

கீழேயிருந்து ஒரு குரல், உண்மையான ஆச்சரியத்தோடு: "எனக்கா?"

"பின்ன, ஆட்டுக்கா? ஜல்தி வா!"

அவள் இழுக்க இழுக்க, ஒவ்வொரு படியாக அவர் ஏறினார். கடைசிப் படியில் கால் துவண்டது. அம்சா மேல்துண்டோடு சேர்த்துப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டாள். நாலு நாளில் முதல் தொடுகை. (இதை நான் திட்டமிடவில்லை. கயிறு அவ்வளவுதான் நீளம்.)

6.

இப்போது அவர் புங்கமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வெளிக்காற்று உள்ளே போகப் போக, கழுத்துக்குள் அந்தச் சிறு கூச்சல் அடங்கிக்கொண்டு வருகிறது. பழக்கத்தில் ஆட்டைப் பார்த்தார். "ஏ கரு" என்று தொடங்கி, நிறுத்தினார். அம்சாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். சின்னதாக இருக்கட்டும், இன்னும் மூச்சு வாங்குகிறது அவருக்கு. களியைப் பற்றித்தான் என்றால் யோசித்து எழுதுங்கள்.

அவர் இடுப்புக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. மறுமுனை அவள் கையில்தான் இருக்கிறது.