சிரிப்புக் கோடு

கற்பகவல்லியின் பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போனை நீட்டிக்கொண்டேதான் நாற்காலியில் உட்காருவார்கள். போனில் நகச்சாயம் போட்ட யாரோ ஒரு நடிகையின் கை இருக்கும், இல்லாவிட்டால் யாரோ ஒரு சென்னைக்காரியின் கை. "இதே மாதிரி போட்டுவிடுங்கக்கா" என்பார்கள். கற்பகவல்லி போனை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு எதிரே நீட்டிய கையைப் பார்ப்பாள். "அது அவ கை. ஒங்க கைக்கு எது அமையுமோ அதப் போடுவோம்" என்பாள். சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அவள் மசிய மாட்டாள். அவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு.

பார்லர் இருந்தது சிவகாசியில், காலண்டர் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தின் மாடியில். கீழே தாள் வெட்டுகிற மெஷினின் கத்தி இறங்கும்போதெல்லாம் மேலே மேசை ஒரு உதறு உதறும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டை இழுத்துவிட வேண்டும். ஃப்ரெஞ்ச் மெனிக்யூரில் நகத்தின் இளஞ்சிவப்பும் நுனி வெள்ளையும் சந்திக்கிற வளைவுக்கு ஸ்மைல் லைன் என்று பெயர். மதுரையில் கோர்ஸ் படித்தபோது சொல்லிக்கொடுத்தது. அவள் வாய்க்கு அது சிரிப்புக் கோடு ஆகிவிட்டது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டியிலிருந்து ராமுத்தாய் தன் மகள் முத்துச்செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு திருப்பூர். முத்துச்செல்வி கையை விரித்து வைத்தாள். நகக்கண்களிலும் நுனிகளிலும் சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு அப்பிக்கிடந்தது. கற்பகவல்லிக்கு ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அது அலுமினியப் பொடி. இந்தப் பக்கத்தில் அதற்குச் சில்வர் என்றுதான் பெயர். பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து நிறைக்கிற கையில் ஒரு தரம் ஏறினால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

"இது வெளிய தெரியக் கூடாது தாயி" என்றாள் ராமுத்தாய். "புள்ள ஆபீஸுக்குப் போகுதுன்னு தரகர் சொல்லிட்டாரு. அவுக கம்ப்யூட்டர் ஆபீஸுன்னு நெனச்சுக்கிட்டாக. நாங்களும் அப்படியே விட்டுட்டோம்."

பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. இந்த ஊர்ப்பக்கம் தீப்பெட்டி ஒட்டுகிற இடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்கிற இடம் பயர் ஆபீஸ். உட்கார நாற்காலிகூட இல்லாத ஆபீஸ்கள் இங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"ஒரு வேலையும் செய்யாத கை மாதிரி இருக்கணும்" என்றாள் ராமுத்தாய். அவள் தன் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வந்ததிலிருந்தே அப்படித்தான் வைத்திருந்தாள். அவளும் இருபது வருஷமாக அதே ஆபீஸ்காரிதான்.

முத்துச்செல்விக்குக் குட்டையான, அகலமான நகங்கள். அந்த மாதிரி நகத்துக்கு வெள்ளையைப் பட்டையாக அடித்தால் விரல் இன்னும் கட்டையாகிவிடும். கற்பகவல்லி முதலில் சாயம் தெரியாதபடி கெட்டியான இளஞ்சிவப்பு ஜெல்லைப் பூசி, சில்வரை மூடினாள். அதன்மேல் நடுவில் நூல் போலவும் இரண்டு ஓரங்களிலும் நன்றாக மேலேறியும், ஆழமாகக் குழிந்த ஒரு வளைவை இழுத்தாள். பத்து விரலும் முடிந்தபோது கை கொஞ்சம் நீண்டுவிட்டதுபோல் இருந்தது.

"இதுக்கு என்னக்கா பேரு?"

"சிரிப்புக் கோடு."

"பத்து வெரலும் சிரிக்குது, யம்மா, இங்க பாரேன்" என்று சொல்லி அந்தப் பெண்ணும் சிரித்தாள். ராமுத்தாய் மகளின் கையைத் தொடப் போனவள், தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள். "இனிமே இவள அனுப்ப மாட்டேன் தாயி. என்னோட போகட்டும் அந்த மருந்து" என்றாள்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்து, பூ மாதிரி இருக்கிறது என்று சொன்னாளாம். கல்யாணம் ஆவணியில்.

மூன்று வாரம் கழித்து, ஆடி பிறந்த பிறகு, முத்துச்செல்வி மறுபடி வந்தாள். கூடவே அவளோடு ஒரே அறையில் வேலை பார்க்கிற மாரிச்செல்வி. இருவருக்கும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மாதிரி மெலிந்த உடம்பு. பின்னாலிருந்து பார்த்தால் பெற்றவளே தடுமாறுவாள். கற்பகவல்லி முத்துச்செல்வியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகம் வளர்ந்து, பழைய பூச்சு அடியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. விலகிய அந்தப் பிறை அளவு இடத்தில் சில்வர்.

"ஏட்டி, ஒங்கம்மா இனிமே அனுப்ப மாட்டேன்னுச்சே?"

"அம்மா வேணாம்னுதான்க்கா சொல்லுது. சீசன் இல்லையா, ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. நான் நெறைக்க, இவ அடைக்க, ஜோடியாப் பாத்துப் பழகிட்டோம். ஆடி முடியட்டும். இவ ஒத்தையில என்ன செய்வா?"

நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்று கற்பகவல்லிக்கு வாய் வரைக்கும் வந்தது. 'நமக்கென்ன' என்று விழுங்கிக்கொண்டாள். சில்வர்மேல் இளஞ்சிவப்பைப் பூசினாள். இடது கட்டைவிரலில் கோடு இழுக்கும்போது கீழே கத்தி முன்கூட்டியே இறங்கி, மேசை உதறி, வளைவின் வலது ஓரம் எள்ளளவு கோணிவிட்டது. துடைக்கப் போனாள்.

"இருக்கட்டும்க்கா" என்று முத்துச்செல்வி கையை இழுத்துக்கொண்டாள். "அம்புட்டும் சரியா இருந்தா கண்ணு பட்டுரும். இது திருஷ்டிக்கு."

அடுத்து மாரிச்செல்வி உட்கார்ந்தாள். நீளமான, ஒடுக்கமான நகங்கள். "எனக்கும் அவளுக்குப் போட்ட மாதிரியே போடுங்க" என்றாள்.

"அவ நகத்துக்கு அது. ஒன் நகத்துக்கு அப்படிக் குழிச்சா பூனை நகமாட்டம் இருக்கும்."

"பரவாயில்லக்கா, நாங்க ஜோடி."

"ஜோடின்னா கோடும் ஒண்ணா இருக்கணுமாக்கும்" என்று சொல்லி, கற்பகவல்லி தட்டையான, மெல்ல வளைகிற ஒரு கோட்டைத்தான் போட்டாள். மாரிச்செல்விக்கு வருத்தம். படி இறங்கும்போது இருவரும் கைகளைச் சேர்த்து வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஆபீஸில் விபத்து என்று போன்கள் அடிக்கத் தொடங்கின. கீழே மெஷினை நிறுத்தினார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு செய்தி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஆபீஸ் என்றுதான். கற்பகவல்லியும் கேட்டாள். அது அந்தப் பெண்கள் வேலை பார்க்கிற ஆபீஸ் என்று தெரிந்ததும் கையில் இருந்த பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். முத்துச்செல்வியின் நம்பரை அன்று முழுக்க அடித்துப் பார்த்தாள். அது அணைந்தே கிடந்தது.

மறுநாள் மத்தியானம் ஸ்ரீமதி என்கிற பெண் காவலர் படியேறி வந்தாள். சின்ன வயசுப் பெண்தான். பின்னாலேயே ராமுத்தாய். அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஸ்ரீமதி நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அந்த அறையில் இருந்தது இரண்டு பெண்கள். ஒருத்தி அங்கேயே போய்விட்டாள். இன்னொருத்தி மதுரை ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறாள். முகமெல்லாம் கட்டு, பேச்சில்லை. பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் போனவள் எவள், பிழைத்தவள் எவள் என்று தெரியவில்லை. மருந்து அறைக்குள் தோடோ கொலுசோ போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பது சட்டம். ஆகவே நகையை வைத்தும் அடையாளம் இல்லை. டி.என்.ஏ. சோதனை முடிவு வர நாளாகும்.

"ஆஸ்பத்திரியில வெரல்ல கிளிப் மாட்டுறதுக்காக நகச்சாயத்தத் துடைச்சிருக்காங்க. வரலை. அப்பதான் நர்ஸ் கவனிச்சாங்க. அந்தக் கை உடம்புக்கு அடியில மடங்கியிருந்ததால தப்பிச்சிருக்கு. இங்க பிணவறையில இருக்க பொண்ணுக்கும் ஒரு கை அப்படித்தான். ரெண்டுலயும் வெள்ளை போட்டிருக்கு. நீங்கதான் போட்டீங்கன்னு இந்தம்மா சொன்னாங்க" என்றாள் ஸ்ரீமதி.

"ஆஸ்பத்திரியில இருக்கது எம் மகதான்" என்றாள் ராமுத்தாய். குரல் தெளிவாக, ஏறக்குறைய அதட்டலாக இருந்தது. "ராத்திரியெல்லாம் பக்கத்துலயே நின்னேன். கையத் தொட்டேன். எம் மக சூடு எனக்குத் தெரியாதா? இவுகளுக்கு எழுதிக்கிட ஆள் வேணுமாம். நீ சொல்லிரு தாயி, போயிருவோம். அவ முழிச்சா என்னையத்தான் தேடுவா."

"மாரிச்செல்வியோட அம்மா?" என்று கற்பகவல்லி கேட்டாள்.

"முத்துமாரியம்மாளா? பிணவறை வாசல்ல கெடக்காங்க. தன் மகதான் போயிட்டான்னு அவங்களே முடிவுக்கு வந்துட்டாங்க" என்றாள் ஸ்ரீமதி. பிறகு போனை நீட்டினாள்.

தினமும் பத்துப்பேர் நீட்டுகிறது போலத்தான் நீட்டினாள். கற்பகவல்லியும் வழக்கம்போல வாங்கினாள். வெள்ளை விரிப்பின்மேல் ஒரு கை. பக்கத்தில் சொட்டு மருந்துக் குழாய். நீளமான, ஒடுக்கமான நகங்கள். தட்டையாக, மெல்ல வளைகிற கோடு.

அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள். ஸ்டீல் மேசைமேல் ஒரு கை. குட்டையான நகங்கள். ஆழமாகக் குழிந்து, ஓரங்களில் மேலேறிய வளைவு. நகக்கண்ணோரம் வளர்ந்திருந்த கீற்றளவு இடத்தில் சில்வர். இரண்டு விரலால் கட்டைவிரலைப் பெரிதாக்கினாள். வலது ஓரத்தில் எள்ளளவு கோணல்.

'ரெண்டு பேருக்கும் ஒரே கோடு போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா' என்று நினைத்தாள். அந்தப் பெண் கெஞ்சினாளே, ஜோடி என்று சொன்னாளே. அப்படிப் போட்டிருந்தால் இப்போது தெரியாது என்று கையை விரித்திருக்கலாம். நகத்தின் அகலத்தை வைத்துச் சொல்ல வேண்டியதை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். யாருக்கும் ஒன்றுபோல் போட மாட்டேன் என்ற அவளுடைய திமிர் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஒரு வாய்ச்சொல்லில் ஒருத்தியிடமிருந்து மகளைப் பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். எதிரே நிற்பவள் பறிகொடுக்கப் போகிறவள்.

"ஏன் தாயி பேச மாட்டேங்க?"

"அக்கா, உட்காருங்க."

"எனக்கு உக்கார நேரமில்ல. சொல்லு."

"ஆஸ்பத்திரியில இருக்கது மாரிச்செல்வி."

ராமுத்தாய் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ரெண்டும் வெள்ளைதான? கோட்ட வச்சா ஆளச் சொல்லுவ?"

"ரெண்டும் ஒண்ணு இல்லக்கா. முத்துச்செல்விக்குக் குழிச்சுப் போட்டேன். மாரிக்குத் தட்டையாப் போட்டேன். என் கை போட்டது எனக்குத் தெரியும்."

"நீ மறந்திருப்ப. நாளைக்கு எத்தன பேருக்குப் போடுத. நல்லா நெனச்சுப் பாரு. நான் கோவிச்சுக்கிட மாட்டேன். நெனச்சுப் பாத்து மாத்திச் சொல்லு."

மாற்றிச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் கற்பகவல்லிக்குத் தோன்றியது. இந்த மனுஷிக்கு இரண்டு நாளாவது கிடைக்கும். ஆனால் பிணவறை வாசலில் ஒருத்தி உயிரோடு இருக்கிற மகளுக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடக்கிறாள். அங்கே கண்விழிக்கிற பெண்ணை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கற்பகவல்லி போனைத் திருப்பி, பெரிதாக்கிய கட்டைவிரலைக் காட்டினாள்.

ராமுத்தாய் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திருஷ்டிக்குன்னாளே" என்றாள் மெதுவாக. "அக்கா துடைக்க வந்துச்சு, நான்தான் விடலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளே." வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற நாற்காலியில் சரிந்தாள். அழுகை சத்தமாக வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கற்பகவல்லி தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் சில்வரப் பாத்தேன்க்கா. போகாதடின்னு ஒரு வார்த்தை சொல்லலை. மூடித்தான் விட்டேன்."

"நான் பெத்தவ. நானே அனுப்பிட்டேன். நீ என்ன செய்வ" என்றாள் ராமுத்தாய்.

ஸ்ரீமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். எதை வைத்து அடையாளம் என்று எழுத என்று கேட்டாள். சிரிப்புக் கோடு என்று கற்பகவல்லி சொன்னாள். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். இறந்தவர் பார்த்த வேலை என்று ஒரு இடம் இருந்தது.

"பயர் ஆபீஸ்னே எழுதும்மா" என்றாள் ராமுத்தாய். "பூச்சட்டிக்கு மருந்து நெறைக்கிற வேலைன்னு வெவரமா எழுது. இனி யாருக்கு மறைக்கணும்?"

அவள் மடியில் போன் அடித்தது. திருப்பூர் நம்பர். அவள் அதைப் பார்த்துவிட்டு அடிக்கவிட்டாள். அடித்து ஓய்ந்ததும் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள்.

"எங்கன போறீகக்கா? கொஞ்சம் தண்ணி குடிங்க."

"முத்துமாரி நேத்துலருந்து மண்ணுல கெடக்கா. அவளுக்கு மொதல்ல தெரியணும்" என்றாள் ராமுத்தாய். "போலீசு சொன்னா நம்ப மாட்டா. நான் சொன்னாத்தான் நம்புவா."

மாடிப்படி செங்குத்து. கற்பகவல்லி கையை நீட்டினாள். ராமுத்தாய் முந்தானையிலிருந்து தன் கையை எடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் ஐந்து நகத்திலும் சில்வர் இருந்தது.