நடு வரிசை இருக்கையும் பூசணி விதை மாத்திரையும்

1

இந்தக் கதை ஒரு மாத்திரை டப்பாவிலிருந்து பிறந்தது. பூசணி விதை, தக்காளிச் சத்து என்று சமையலறைச் சாமான்களை அரைத்து அடைத்த மாத்திரை. வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி, அடிக்கடி பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறதே, அந்தத் தொல்லை குறையுமாம். எனக்கு அதன் விளம்பரத் துண்டுச்சீட்டு எழுதும் வேலை. "குணமான பெரியவர் ஒருத்தர் சொல்ற மாதிரி எழுதுங்க சார்" என்றார் மாத்திரை கம்பெனி மேனேஜர். எந்தப் பெரியவர் என்றேன். "அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்" என்றார்.

'மூன்றே மாதத்தில் நான் மீண்டும் இளைஞ...'

(வேண்டாம். எனக்கே சிரிப்பு வருகிறது.)

2

சரி, ஒரு பெரியவரைப் பிடிப்போம். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் கொஞ்சம் தாமதித்தாலும் விசில் ஊதியே டிரைவரின் காதைச் செவிடாக்கியவர். வீட்டில் பரம சாது. ஞாயிறு மதியம் மனைவியோடு சினிமா. அதெல்லாம் என்ன நாட்கள்! நடு வரிசை, நட்ட நடு இருக்கை. மின்விசிறி கடகடக்கும், வறுத்த கடலை மணக்கும். சோகக் காட்சியில் அவள் மூக்கை உறிஞ்சினால், இவர் திரையைப் பார்த்தபடியே கைக்குட்டையை நீட்டுவார். வெளியே வந்ததும் "படமா இது, ஒரே அழுகை" என்பார். அடுத்த வாரமும் அவரே டிக்கெட் வாங்குவார்.

இப்போது, அத்தனை பேர் காலையும் மிதித்துக்கொண்டு நடுவிலிருந்து எழுந்து ஓட வெட்கம். "இப்ப வர்றதெல்லாம் ஒரு படமா?" என்று சொல்லித் தப்பித்து வருகிறார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

(மனைவியை முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். சிரிப்புக்கு வசதி. அவள் வாயைத் திறந்ததும் எழுதியதை அடித்துவிட்டேன்.)

3

மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் தம்பிதான் டப்பாவை நீட்டினான். "மாமா, இது மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுச் சத்துதான். டாக்டரையும் ஒரு தடவை பாத்துடுங்க."

"டாக்டரெல்லாம் எதுக்கு? உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே."

"சேச்சே, நான் ஏன் சொல்றேன்?"

விழுங்கிப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன். "குறைஞ்ச மாதிரியும் இருக்கு, குறையாத மாதிரியும் இருக்கு" என்றார். இதை விளம்பரச் சீட்டில் போட முடியுமா, சொல்லுங்கள். நான் உண்டாக்கிய ஆள், எனக்கே அடங்க மாட்டேன் என்கிறார்.

இந்த நேரம் பார்த்து, கல்யாணமான புதிதில் அவர்கள் பார்த்த படம் மறுபடி வெளியாகிறது. அவள் போய் டிக்கெட் வாங்கி வந்துவிட்டாள். நடு வரிசை. நட்ட நடு.

4

மேனேஜருக்குப் பிடித்த முடிவு: படம் முடியும்வரை பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை வாழ்க. எழுதிப் பார்த்தேன். அவர் தியேட்டர் வாசலைத் தாண்டி வர மறுத்துவிட்டார்.

இன்னொரு முடிவு: தலைவலி என்று பொய் சொல்லி வீட்டுக்குத் திரும்பி...

(இதை எழுத மனசு வரவில்லை.)

அப்புறம் தியேட்டர் வாசலில் அவரே அவளிடம் பேசினார்.

"என்னால நடுவுல உட்கார முடியாதும்மா. அடிக்கடி போக வேண்டியிருக்கு. அதான் சினிமாவே வேணாம்னேன்."

"தெரியும். மாத்திரை குடுத்த அன்னிக்கே தம்பி சொல்லிட்டான்."

"அப்புறம் எதுக்கு நடு சீட் வாங்கினே?"

"இப்பவாவது வாயைத் திறப்பீங்கன்னுதான். அவன் சொல்ற வரைக்கும், என்கூட உட்காரத்தான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சு அழுதிருக்கேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே படம் தொடங்கும் இசை கேட்டது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம், ரெண்டு பேரும்" என்றாள். தலையாட்டியவருக்கு அதற்குள் அவசரம் வந்துவிட்டது. "தோ, வந்துடறேன்" என்று கையிலிருந்த குடையை அவளிடம் நீட்டிவிட்டு ஓடினார். அவள் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மேனேஜர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவர் திரும்பியதும் உள்ளே போவார்களா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசுவார்களா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் அவரைப் பொய் சொல்லவைக்க வந்தவன் நான். அவர் இப்போதுதான் உண்மை பேசியிருக்கிறார், நான் பக்கத்தில் நிற்பது சரியில்லை. நீங்கள் வேண்டுமானால் இருங்கள். அவள் கேட்டால், முதல் பாட்டு போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.